கட்டுகஸ்தோட்டைப் பாலமும் தாளிக்காத குழம்பும்

தாதிப் பயிற்சி முடித்து, முதல் முறையாக வெள்ளை உடுப்பு மாட்டியிருக்கிற உங்களுக்கு ஏதாவது புத்தி சொல்லும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். புத்தி சொல்வதில் எனக்கு அவ்வளவு ருசி இல்லை. நான் வேலையில் இருந்த காலத்தில் புத்தி சொல்ல யாராவது வந்தால் மருந்து அலுமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். ஆகவே ஒரு நாள் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அன்று நடந்து வந்த ஒரு கூட்டத்தை முழுவதும் பரிசோதித்து, எல்லோரும் சுகம் என்று முடிவுகட்டினோம். அந்த முடிவில் பிழை ஒன்றுமில்லை. வந்தவர்கள் எல்லோரும் சுகமாகத்தான் இருந்தார்கள். அதே நேரத்தில் அவர்களில் ஒருத்தி எங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்தில் செத்துக்கொண்டிருந்தாள்.

முப்பதுகளின் தொடக்கம் அது. ரப்பருக்கும் தேயிலைக்கும் விலை விழுந்து, தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தன. மாத்தளைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் வேலை போனவர்கள், கண்டிக்கு அப்பால் எங்காவது கொழுந்து பறிக்கக் கிடைக்காதா என்று சட்டி பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு அக்குறணை வழியாக நடந்து வந்தார்கள். அந்த வருடம் பார்த்துப் பெரியம்மையும் வந்தது. பட்டினத்துக்காரர்கள் பயந்துபோனார்கள். மகாவலியின் மேலுள்ள கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்தால்தான் அந்த ரோட்டில் வருகிறவர்கள் கண்டிக்குள் நுழைய முடியும். பாலத்துக்கு முன்னால் ஒரு கொட்டகை போட்டு, பொலிஸ்காரர்களை நிறுத்தி, நடந்து வருகிற தோட்டத்து ஆட்களை மறித்துப் பார்க்கச் சொன்னார்கள். மோட்டார் காரில் போனவர்களை ஒருவரும் மறிக்கவில்லை. அம்மைக்குக் காரில் ஏறத் தெரியாது என்று நினைத்தார்களோ என்னவோ.

எங்களுக்கு வந்திருந்த உத்தரவு சின்னது. கூட்டத்தில் ஒருவருக்கு அம்மை கண்டாலும் முழுக் கூட்டமும் திரும்ப வேண்டும். திரும்புவது என்றால் மாத்தளைக்கு அல்ல. அங்கே வேலையும் இல்லை, குடியிருந்த லயத்து வரிசைவீட்டு அறையையும் பூட்டியாகிவிட்டது. தலைமன்னாருக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்களில் பாதிப்பேர் இங்கேயே பிறந்தவர்கள். கடலைக் கண்ணால் கண்டதில்லை.

கொட்டகையில் ஆண்களை டொக்டர் பார்ப்பார். பெண்களைத் தென்னோலைக் கிடுகு மறைப்புக்குப் பின்னால் நான் பார்ப்பேன். டொக்டர் யாழ்ப்பாணத்தவர். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். சோம்பலும் லஞ்சத்துக்குக் கைநீட்டும் பழக்கமும் அவரிடம் அண்டியதில்லை. நான் கண்டியில் படித்து வளர்ந்த வேதக்காரப் பெண். ஆனால் என் அம்மா தோட்டத்து லயத்தில் பிறந்தவள், நானும் விவரம் தெரியும் வயதுவரை அங்கேதான் இருந்தேன். இதை வேலையிடத்தில் நான் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

அன்று காலையில் வந்த கூட்டத்துக்குத் தலைவர் ஒரு கங்காணி. நரைத்த மீசை, தோளில் கறுப்புக் கோட்டு, எதைக் கேட்டாலும் பணிவான பதில். பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை, கொப்புளம் இல்லை. கையில் அம்மைப்பால் குத்திய தழும்பு இருந்தது. ஒருத்திகூடத் தலை வாரியிருக்கவில்லை. வழி நடந்து வந்தவர்கள்தானே என்று விட்டுவிட்டேன். மறுபக்கம் டொக்டரும் எல்லோரும் சுகம் என்றார். சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் பாலத்தைக் கடக்கலாம் என்று உத்தரவாயிற்று. அவர்களை ஏற்றிப்போக ஒரு தேயிலைத் தோட்டத்து லொறியும் வந்து நின்றது.

கொட்டகைக்கு அரிசி சாமான் கொடுத்தவர் அக்குறணையில் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர். நாங்கள் எல்லோரும் நானா என்றே கூப்பிடுவோம். மாட்டு வண்டியில் சாமானை அவரே கொண்டுவந்து அளந்து கொடுப்பார். அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மிஸ்ஸி, இது என்ன கூட்டம்? அரிசி எடுத்தாங்க, பருப்பு எடுத்தாங்க. எண்ணெ வாணாமாம், கடுகு வாணாமாம். நல்ல கருவாடு ஈக்குது, அதுவும் வாணாமாம். தோட்டத்து ஆள்கள் கருவாட்டத் திருப்பித் தந்து நான் கண்டதேயில்ல. என் சாமான்ல என்ன கொறையோ, எனக்கு வெளங்குதில்ல."

"உங்க சாமானைக் குறை சொல்ல யாரால முடியும் நானா?" என்று சிரித்துவிட்டு இரண்டடி வைத்தேன். மூன்றாவது அடி வரவில்லை.

அடுப்புப் பக்கம் திரும்பி மூச்சை இழுத்துப் பார்த்தேன். பசியோடு நடந்து வந்த ஒரு கூட்டம் சமைக்கிறது. கடுகு வெடிக்கவில்லை, வெங்காயம் வதங்கவில்லை. விறகுப் புகையும் வெந்த பருப்பும் மட்டுமே மணத்தன.

உங்களில் சிலருக்கு இது தெரிந்திருக்கும். அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள். எண்ணெய் தொடமாட்டார்கள், கவிச்சி சேர்க்கமாட்டார்கள், தலை வாரமாட்டார்கள். மாரியாத்தா வந்து இறங்கியிருக்கிறாள், அவளுக்கு அந்த நெடி ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டுக்கு அம்மை வந்தபோது, ஜெபமாலையும் கையுமாக இருக்கிற என் அம்மாகூடத் தாளிப்பதை நிறுத்திவிட்டாள். நெடி சுவர் தாண்டிப் போய்விடும், அவர்கள் மனசு நோகும் என்றாள்.

நான் அடுப்படிக்குப் போய்ப் பெண்களுக்கு நடுவே குந்தினேன். "எனக்கும் ஒரு அகப்பை ஊத்துங்க" என்றேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்க சாப்பிடுற சாப்பாடு இல்லீங்களே மிஸ்ஸியம்மா" என்றாள் ஒருத்தி.

"பசிச்சவளுக்கு என்ன சாப்பாடா இருந்தா என்ன, ஊத்துங்க."

ஊற்றினார்கள். உப்பும் மஞ்சளும் போட்ட பருப்புத் தண்ணீர். அதைக் குடித்து முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "ஆத்தா யாரு மேல எறங்கியிருக்கா?"

அகப்பை வைத்திருந்தவளின் கை நின்றுவிட்டது. அதற்குள் கங்காணி வந்துவிட்டார்.

"வெரதங்க மிஸ்ஸியம்மா. மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டோம். வேற ஒண்ணுமில்லீங்க."

"நல்லதுங்க கங்காணி. எல்லாரும் வெரதச் சாப்பாடு சாப்பிடுறாங்க. அந்த ஆளு மட்டும் ஏன் சோத்தையே தொடல?"

கொட்டகையின் கம்பத்தில் சாய்ந்து ஒருவன் உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் பழைய அம்மை வடு. முன்னால் வைத்த சோற்றில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

"கருப்பையாவுக்கு வயித்து வலிங்க" என்றார் கங்காணி. கேட்ட உடனே பதில் வந்தது, ஆனால் அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு விஷயம் முழுவதும் பிடிபட்டது. இங்கே இருக்கிற எல்லோரையும் பார்த்தாகிவிட்டது, ஒருவருக்கும் அம்மை இல்லை. ஆனால் இவர்களைச் சேர்ந்த யாருக்கோ அம்மை. அப்படியென்றால் அந்த ஆளை வழியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் கோபம் ஏறியது. மனிதர்களா இவர்கள் என்று நினைத்தேன். பிறகு, கையில் இருந்த அந்தச் சப்பென்ற குழம்பைப் பார்த்தேன். விட்டுவிட்டு வந்த ஆளுக்காகப் பட்டினிக்குப் பக்கத்தில் நின்று நோன்பு பிடிக்கிறார்கள். மனசாரச் செய்தவர்கள் இப்படிச் சாப்பிடமாட்டார்கள். என் கோபம் உத்தரவின் மேல் திரும்பிற்று.

பொலிஸ்காரரைக் கூப்பிட்டு மிரட்டியிருக்கலாம். உங்களில் யாராவது மனசுக்குள் அதை நினைத்தால் இப்போதே விட்டுவிடுங்கள். உண்மையைச் சொன்னால் இத்தனை குடும்பமும் கப்பலேற வேண்டும். சொல்லாவிட்டால் ஒரே ஒரு உயிர் போகும். இந்தக் கணக்கை அவர்கள் வழியிலேயே போட்டு முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். அடித்தாலும் ஒரு சொல் வந்திருக்காது.

நான் நேரே டொக்டரிடம் போனேன். அவர் கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"டொக்டர், இந்தக் கூட்டத்தை இப்ப விடாதீங்க."

"ஏன்? ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லை. பொம்பிளையளை நீர்தானே பார்த்தனீர்?"

"பார்த்தேன். எனக்கு வேற ஒரு விஷயம் தெரியும். அதைச் சொல்றதுக்கு முந்தி நீங்க ஒரு வாக்குத் தரணும். இவங்களைத் திருப்பி அனுப்ப மாட்டேன்னு."

கோப்பையை டக்கென்று வைத்தார். "உமக்கென்ன விசரே? உத்தரவு என்னெண்டு தெரியாதே? முதல்ல விஷயத்தைச் சொல்லும்."

"வாக்கு முதல்ல, டொக்டர்."

"உம்மட வேலை போகும், தெரியுமோ?"

"தெரியும்."

வாய்தான் அப்படிச் சொல்லிற்று. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதோடு ஒட்டி நின்றேன். பாலத்தடியில் லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான். அக்குறணைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது.

டொக்டர் என்னையும் கொட்டகையையும் மாறிமாறிப் பார்த்தார். கோபக்காரராக இருந்தாலும் மூளை உள்ளவர். "ஆரோ எங்கையோ கிடக்கினம். அதுதானே?" என்றார்.

நான் அக்குறணை ரோட்டைப் பார்த்தேன்.

"உயிரோடயோ?"

"தெரியாது, டொக்டர்."

"அப்ப நேரம் போகுதெல்லோ!"

"அதனாலதான் சீக்கிரம் வாக்குக் கொடுங்கன்னு கேக்குறேன்."

அவர் எழுந்து கொட்டகையின் விளிம்புவரை நடந்து போய், ஆற்றைப் பார்த்தபடி நின்றார். அவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள், பறிபோகக்கூடிய உத்தியோகம் இருந்தது. திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது. "சரி. எல்லாரையும் இஞ்சையே வைச்சிருந்து அம்மைப்பால் குத்துவம். நோய் இல்லையெண்டு தெளிஞ்சவுடன நானே பாலத்தைக் கடக்க விடுவன். மேல இருந்து கேட்டால் நான் மறுமொழி சொல்லுறன்."

"என்கிட்ட சொன்னது போதாது. அவங்ககிட்ட சொல்லணும்."

"நீர் ஒரு பொல்லாத பொம்பிளை" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே மேலதிகாரியிடம் வாக்குக் கேட்கக் கிளம்பிவிடாதீர்கள். தெரிந்ததை மறைத்து வைப்பது நம் தொழிலில் ஆபத்தான வேலை. என்ன கேட்கிறோம், யாருக்காகக் கேட்கிறோம், கிடைக்காவிட்டால் அடுத்து என்ன செய்வோம் என்று தெரிந்துகொண்டுதான் கேட்க வேண்டும். அவர் மறுத்திருந்தால், நான் தனியாக அந்த ரோட்டில் தேடிப் போயிருப்பேன். அதையும் மேசையோடு ஒட்டி நின்றபோதே தீர்மானித்திருந்தேன்.

டொக்டர் கூட்டத்தின் முன்னால் நின்று என்னிடம் சொன்னதையே சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. நம்பும்படி அதுவரை யாரும் அவர்களிடம் நடந்துகொண்டதுமில்லை. "அப்படி ஒண்ணுமில்லீங்களே தொரை" என்றார் கங்காணி.

டொக்டர் பொலிஸ்காரர்களைக் கூப்பிட்டுப் பாலத்தின் மறுமுனைக்குப் போய் நிற்கச் சொன்னார். பிறகு தன் மருந்துப் பையைக் கையில் எடுத்தார். "எங்கையெண்டு மட்டும் சொல்லுங்கோ. பொலிசை அனுப்பமாட்டன். நானே வாறன்" என்றார்.

கம்பத்தடியில் இருந்த கருப்பையா எழுந்தான்.

"டேய், ஒக்காருடா" என்று கங்காணி பல்லைக் கடித்தார்.

"ஒக்காந்திருந்தது போதும் கங்காணி." அவன் டொக்டரைப் பார்த்துக் கும்பிட்டான். "எம் பொண்டாட்டிங்க. பேச்சாயின்னு பேரு. நான் காட்டுறேங்க."

டொக்டருடைய காரில் மூவரும் போனோம். கருப்பையா எவ்வளவு சொல்லியும் ஆசனத்தில் உட்காரவில்லை, கீழே குந்திக்கொண்டான். அக்குறணை தாண்டி, ஒரு கொக்கோத் தோட்டத்துக்கு இறங்குகிற, ரோடு வளைகிற முடக்கில் நிறுத்தச் சொன்னான். அங்கிருந்து மழையில் நடந்தோம். மரங்களுக்கு நடுவில், கொக்கோ விதை காயவைக்க முன்பு பாவித்துக் கைவிட்ட ஒரு கொட்டில். உள்ளே வேப்பிலையைப் பரப்பி, அதன்மேல் பேச்சாயியைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் ஒரு கலயம். தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடிவிட்டன. ஆனால் உயிர் இருந்தது.

கருப்பையா வாசலில் நின்று "புள்ள" என்றான். அவள் தலையைத் திருப்பினாள்.

"ஏன் வந்தீங்க?" என்றாள். சத்தம் வரவில்லை, உதடுதான் அசைந்தது. "சொல்லிட்டீங்களா? எல்லாரையும் கப்பலேத்திருவாங்களே. நான்தான் இருந்துக்கிறேன்னு சொன்னேனே."

அதுவரை அவளை மற்றவர்கள் விட்டுவிட்டு வந்தார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அவளும் சேர்ந்துதான் அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறாள். எத்தனையோ சாவுகளுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அந்த வார்த்தையைக் கேட்டபோது அழுததுபோல் நான் வேலை நேரத்தில் வேறெப்போதும் அழுததில்லை.

"அனுப்ப மாட்டாங்களாம் புள்ள. பெரிய டொக்டரய்யா வாக்குக் குடுத்திருக்காரு. இந்தா நிக்கிறாரு பாரு" என்றான். பார்க்க அவளுக்குக் கண் திறக்காது என்பதை மறந்துவிட்டான். டொக்டர் கொக்கோ மரங்களைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

கொட்டகையிலிருந்து தள்ளி ஒரு தனிக்குடிசை போட்டு அவளை வைத்தோம். கருப்பையாவுக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருந்ததால் அவனைப் பயமில்லாமல் உள்ளே விட முடிந்தது. வாய் நனைப்பது எப்படி, புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று காட்டிக்கொடுத்தேன். என்னைவிட மெதுவான கை அவனுக்கு. கூட்டத்தார் அத்தனை பேரும் அம்மைப்பால் குத்திக்கொள்ளக் கையை நீட்டினார்கள். கங்காணிதான் முதலில் நின்றார்.

பேச்சாயி பிழைக்கவில்லை. ஒரு விடியற்காலையில், புருஷன் மடியில் தலை வைத்தபடி போனாள். முந்திய நாளெல்லாம் "எல்லாரும் பாலத்தத் தாண்டிட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தாண்டவில்லை, கொட்டகையில் நன்றாக இருக்கிறார்கள் என்று சொன்னால் நம்பாமல் மறுபடியும் கேட்பாள். கடைசியில் நான் "தாண்டிட்டாங்க" என்று பொய் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட அதை நான் பாவமாகச் சொன்னதில்லை.

நான் வாக்குக்காக மல்லுக்கு நின்ற நேரத்தில் அவள் தண்ணீரில்லாமல் கிடந்தாள். உடனே விஷயத்தைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா? அந்த நோய் முற்றியிருந்த நிலையைப் பார்த்தவர் டொக்டர், பிழைத்திருக்கமாட்டாள் என்றார். எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் விஷயத்தைச் சொல்லியிருந்தாலும் இடத்தைச் சொல்ல ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள். இன்று அதே இடத்தில் நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன்.

கூட்டத்தில் இன்னும் சிலருக்குக் காய்ச்சல் கண்டு இலேசாக வந்து போயிற்று. மேலிடத்திலிருந்து ஏன் திருப்பி அனுப்பவில்லை என்று கேள்வி வந்தது. டொக்டர் தன் கையாலேயே பதில் எழுதினார், என் பேரை எங்கும் சேர்க்கவில்லை. எல்லோரும் தெளிந்தபிறகு, பாலத்தின் நடுவரை கூடவே நடந்து போய் அவர்களை வழியனுப்பினார். பிற்பாடு அவரை வறண்ட பிரதேசத்து ஊர் ஒன்றுக்கு மாற்றினார்கள். அதற்கு இதுதான் காரணமா என்று கேட்டேன். "எனக்கு இந்த மலைக்குளிர் ஒத்துக்கொள்ளேல்லை" என்றார்.

திரும்ப வந்திருந்த தோட்டத்து லொறியில் கருப்பையா ஏறவில்லை. கங்காணி கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், பெண்கள் அழுது கூப்பிட்டார்கள். அவன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே மாத்தளை ரோட்டில் திரும்பி நடந்தான். துக்கத்தில் கால் போன போக்கில் போகிறான் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு சில காலம் கழித்து, டொக்டர் மாறிப்போகுமுன், இன்னொரு கூட்டம் வந்தது. பொலிஸ்காரர் கையைத் தூக்குவதற்கு முந்தியே, ரோட்டில் தூரத்தில் நின்றுகொண்டு அவர்களுடைய ஆள் ஒருவர் சத்தம் போட்டார். "மிஸ்ஸியம்மா, யாரும் கிட்ட வந்திராதீங்க! எங்க பெரியவரு ஒருத்தருக்கு ஆத்தா வந்திருக்கா!" பின்னால் இரண்டு பேர் கம்பில் சேலையைத் தூளியாகக் கட்டி, ஒரு கிழவரைச் சுமந்து வந்தார்கள்.

அந்தப் பாலத்தடியில் அதுவரை ஒரு கூட்டமும் தானாக வாய் திறந்து அப்படிச் சொன்னதில்லை. "பாலத்துல சொல்லலாம்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டேன்.

"அக்குறணைக்கு அங்கிட்டு, கொக்கோத் தோட்டத்து முடக்குல ஒரு ஆளு நிக்கிறாருங்க. வர்ற கூட்டத்தையெல்லாம் மறிக்கிறாரு. யாரையும் விட்டுட்டுப் போயிறாதீங்க, பாலத்துல சொல்லுங்க, அங்க அனுப்ப மாட்டாங்கன்னு கையெடுத்துக் கும்பிடுறாரு."

"அவரு பேரு என்ன?"

"கேட்டோங்க. சொல்லல. பேச்சாயி புருஷன்னு மட்டும் சொன்னாரு."

நான் உள்ளே போய்க் கிழவருக்குப் பாய் விரித்தேன்.